கிரீச்சிடாத கதவு

"திக்கிப் பேசுறான்ங்கிறதுக்காக ஒரு மனுஷனை மின்சார நாற்காலியில உட்கார வைப்பீங்களா?"

ஹெஸ்டர் டோபின் இப்படிக் கேட்டபோது போலீஸ் லெப்டினன்ட் ஸ்வோபோடா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயில் பாதி சாசேஜ் இருந்தது. மீதிப் பாதி, கடுகுச் சாந்து ஒழுக, அவர் மேஜை மேல் கிடந்தது. சிகாகோவின் கொலை வழக்குகள் அத்தனையும் அந்த மேஜை மேல்தான் கிடந்தன.

"நான் உட்கார வைக்கலைம்மா. ஜட்ஜ் வைப்பார். நாளைக்குக் காலையில கோர்ட்."

"ஐரா என்ன சொன்னான்னு முழுசாக் கேட்டீங்களா?"

"எங்க சொன்னான்? 'நா... நா... நான்'னு நின்னுட்டே இருந்தான். கடைசியில நானே முடிச்சு வெச்சேன்."

ஹெஸ்டருக்கு உச்சந்தலை வரை சூடேறியது. ஐரா பெண்டில் வானொலி நிலையத்தில் நாடகங்களுக்குச் சத்தம் செய்கிறவன். இடி, மழை, குதிரைக் குளம்பு, கண்ணாடி உடைவது, எல்லாம் அவன் கைவேலை. கையால் ஊரையே நடுங்க வைப்பான். வாயால் ஒரு காபி வாங்கத் தடுமாறுவான். அவன் தொடங்கிய வாக்கியங்களையெல்லாம் லெப்டினன்ட் முடித்து வைத்திருக்கிறார். அவர் முடித்த வாக்கியங்கள் எல்லாம் ஐராவைக் கொலைகாரனாகவே முடித்திருந்தன.

"சாட்சி இருக்கும்மா. அதுவும் யாரு? ரோலண்ட் மேயோ! என் சம்சாரம் ரேடியோவுல அவர் குரலைக் கேட்காம அடுப்புப் பத்த வைக்க மாட்டா. அந்தக் குரல் பொய் சொல்லுமா?"

"குரலை நம்பி சோப்பு வாங்குங்க, சார். ஆளைக் கொல்லாதீங்க."

சொல்லிவிட்டு எழுந்தாள். அவள் குரல் கரகரவென்று, தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருக்கும். அதனால்தான் வாரா வாரம் அந்த நிலையத்தில் துப்பறியும் நாடகம் எழுதுகிறவள் ஒரு தடவைகூட மைக் முன்னால் நின்றதில்லை. அந்தக் குரலை லெப்டினன்டும் நம்பவில்லை. இதற்கு முன் நிஜ வழக்குகள் இரண்டில் அவருக்கு முன்னால் ஆளைப் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். அது அவருக்கு மறந்தே போய்விட்டது.

வெளியே ஏரிக் காற்று முகத்தில் அறைந்தது. நடைபாதையில் தொப்பியை ஒரு கையாலும் கடலைப் பொட்டலத்தை மறு கையாலும் பிடித்தபடி மைலோ கார்ஸ்கி நின்றிருந்தான். நிலையத்தில் ஆர்கன் வாத்தியம் வாசிக்கிறவன். பேசாத படங்கள் ஓடிய காலத்தில் தியேட்டரில் வாசித்தவன். படம் பேசத் தொடங்கியதும் வேலை போனது. அன்றிலிருந்து இவன் பேசத் தொடங்கிவிட்டான்.

"உன் முகத்தைப் பார்த்தாலே தெரியுது. என்ன சுருதியில வாசிக்கணும், சொல்லு. சாவு வீடா, சண்டைக் காட்சியா?"

"வாயை மூடிட்டு நட, மைலோ."

"சண்டைக் காட்சி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கூடவே நடந்தான்.

நிலையத்துக்குள் நுழைந்ததும் ஹெஸ்டரின் கோபம் இன்னும் ஒரு படி ஏறியது. காரணம், தாழ்வாரத்தில் ஒரு கூட்டம். மூன்ட்யூ சோப்பு உறைகளை அனுப்பி, பதிலுக்குப் பாஸ் வாங்கி, ஒலிபரப்பைப் பார்க்க வந்த இல்லத்தரசிகள். நடுவில் ரோலண்ட் மேயோ. எண்ணெய் தடவிப் பாலிஷ் போட்ட மாதிரி வாரிய தலை, சட்டைப்பையில் வெள்ளைக் கைக்குட்டை, அந்தக் குரல்.

"நான் தாழ்வாரத்தின் முனையில் நின்றிருந்தேன்," என்றான் மேயோ. பெண்கள் மூச்சை அடக்கினார்கள். "கதவு கிரீச்சென்று திறந்தது. 'ஐரா பெண்டில்! அந்தத் துப்பாக்கியைக் கீழே போடு!' என்று மேனேஜர் க்ரீவ் அலறினார். டுமீல்! பிறகு, ஓடும் காலடிச் சத்தம். நான் எட்டிப் பார்த்தேன். ஐரா பெண்டில். ஆம், ஐரா பெண்டிலேதான்."

ஒருத்தி விம்மினாள். இன்னொருத்தி கையெழுத்துக்கு நோட்டை நீட்டினாள்.

கொலை நடந்து முழுசாக இரண்டு நாள்கூட ஆகவில்லை. க்ரீவ் தன் அறையில் குண்டடி பட்டுச் செத்துக் கிடந்தார். துப்பாக்கி ஐராவின் சாமான் பெட்டியில் இருந்தது. அந்த நேரத்தில் ஐரா தனியாக, இடிச் சத்தம் எழுப்பும் தகரத் தகட்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அன்று காலையில் புதுத் தகடு கேட்டு க்ரீவோடு சண்டை போட்டதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். செத்த மனுஷனின் வாசலில் நின்று இந்த மேயோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான்!

ஹெஸ்டருக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. க்ரீவின் அறைக்குள் நுழைந்து, பலம் கொண்ட மட்டும் கதவை அறைந்து சாத்தினாள்.

புஸ்.

அவ்வளவுதான் வந்தது. ஒரு தலையணை இன்னொரு தலையணை மேல் விழுந்த சத்தம். ஹெஸ்டர் கதவைப் பார்த்தாள். மறுபடி திறந்து மறுபடி அறைந்தாள். மறுபடியும் புஸ்.

மைலோ கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினான். "அதை என்ன பண்ணாலும் கத்தாது, தாயே. ரேடியோ கட்டிடத்துக் கதவு. எண்ணெய் போட்டு, கம்பளி ஒட்டி, ராஜகுமாரி மாதிரி வளர்க்கிறாங்க. ஒரு கதவு முனகினா ஊரே கேட்கும்ல?"

"கிரீச்சுன்னு சத்தம் போடுமா?"

"இந்தக் கட்டிடத்துல கிரீச்சிடுற கதவு ஒண்ணே ஒண்ணுதான். ஸ்டூடியோவுல சட்டத்தோட நிக்குதே, ஐரா செஞ்ச கதவு. அதுக்கு மட்டும் அவன் எண்ணெய் போட மாட்டான்." சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். கடலை கையிலேயே நின்றது. "அடப்பாவி. கதவு கிரீச்சென்று திறந்ததுன்னு இப்பத்தானே அவன்..."

"கீழே பாரு. என்ன போட்டிருக்கு?"

"ரப்பர் விரிப்பு."

"குதி."

"என்னது?"

"குதிடா!"

மைலோ குதித்தான். குண்டு மனுஷன். தாழ்வாரத்தில் ஒரு சத்தம் இல்லை. மேயோவைச் சுற்றி நின்ற பெண்களில் ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஹெஸ்டர் அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஓடும் காலடிச் சத்தமாம்! இந்தத் தரையில குதிரை ஓடினாலும் கேட்காது. துப்பாக்கி நீட்டினவனைப் பார்த்து உலகத்துல எவனாவது முழுப் பேரைச் சொல்லி, கையில இருக்கிற சாமான் பேரையும் சொல்லி அலறுவானா? 'ஐயோ'ன்னு கத்துவான். முழுசாச் சொல்றது எங்க? ரேடியோவுல! கேட்கிறவனுக்குக் கண்ணு தெரியாதுன்னு நாங்கதான் அப்படி எழுதுவோம். மட்டமா எழுதுறவன் அப்படி எழுதுவான். நான் எத்தனை தடவை கோடு போட்டு அடிச்சிருக்கேன் இந்த மாதிரி வசனத்தை!"

"அப்போ கொன்னது மேயோவா?"

ஹெஸ்டர் உதட்டைக் கடித்தாள். அங்கேதான் இடித்தது. அவள் இந்தக் கதையை மேயோ வாயால் மூன்று இடத்தில் கேட்டிருந்தாள். போலீஸிடம், பத்திரிகைக்காரர்களிடம், இப்போது இந்தப் பெண்களிடம். மூன்று தடவையும் ஒரு சொல் மாறவில்லை. 'டுமீல்'லுக்குப் பிறகு ஒரே இடத்தில் மூச்சு. 'ஆம்' என்பதற்கு முன்னால் ஒரே அளவு நிறுத்தம்.

"மேயோவுக்குச் சொந்தமா ரெண்டு வார்த்தை பேச வராது, மைலோ. போன கிறிஸ்துமஸ் விருந்துல நன்றி சொல்லக்கூட என்கிட்டத்தான் எழுதி வாங்கினான். இதை எவனோ எழுதிக் குடுத்திருக்கான்."

"இங்க எழுதத் தெரிஞ்சது நீ ஒருத்திதானே. சத்தியமாச் சொல்லு, நீ இல்லையே?"

"உதைப்பேன். அந்தக் கடைசி வரியை மறுபடி சொல்லு."

"ஐரா பெண்டில். ஆம், ஐரா பெண்டிலேதான்." மைலோ மேயோவைப் போலவே சொன்னான்.

"அதையே சோப்புக்குச் சொல்லு."

"மூன்ட்யூ. ஆம், மூன்ட்யூவேதான்." மைலோவின் முகத்தில் சிரிப்பு செத்தது. "ஹெஸ்டர், இது விளம்பரம்."

"மூச்சுக்கு மூச்சு சரக்கு பேரைச் சொல்லணும், கேட்கிறவ மறக்கக் கூடாது. அந்தப் பழக்கம் யாருக்கு?"

பதில் இருவருக்கும் தெரியும். ப்ரென்டிஸ் லூமிஸ். சோப்புக் கம்பெனிக்கு விளம்பரம் எழுதுகிறவன். ஒவ்வொரு ஒலிபரப்பின்போதும் ஸ்டூடியோவை ஒட்டிய கண்ணாடி அறைக்குள் சாய்ந்து உட்கார்ந்து, சுருட்டுப் பிடித்துக்கொண்டு, தன் விளம்பரம் நகரமெங்கும் போவதைக் கேட்கிறவன். அந்தச் சோப்பைப் போட்ட குழந்தைகளுக்குத் தோல் வெந்து புண்ணாகிறது என்று தாய்மார்களின் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்தன. இனி இந்தச் சோப்பு என் நிலையத்தில் ஒரு சொல்லும் பேசாது என்று க்ரீவ் சொன்னார். சொன்ன அன்றே செத்தார். துப்பாக்கியை ஐராவின் பெட்டியில் போட்டவனும் லூமிஸாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தக் குழந்தைகள், க்ரீவ், இப்போது ஐரா. ஹெஸ்டர் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

அந்த அறையிலிருந்தே லெப்டினன்டுக்குப் போன் செய்தாள். அவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கதவு கிரீச்சிடலைன்னு ஒருத்தனை விடச் சொல்றியா? அன்னிக்கு ஒருநாள் கிரீச்சிட்டிருக்கும்மா! இதை ஜட்ஜ்கிட்டச் சொன்னா என்னைச் சிரிச்சே கொன்னுடுவார்."

ஹெஸ்டர் பல்லைக் கடித்தாள். பிறகு அவளுக்கே பிடிக்காத ஒரு தேன் குரலை வரவழைக்கப் பார்த்தாள். வரவில்லை. உள்ளதை வைத்துப் பேசினாள். "சரி சார், விடுங்க. இன்னிக்குச் சாயங்காலம் ஒலிபரப்புக்கு வாங்க. கண்ணாடி அறையில லூமிஸ் பக்கத்துலயே நாற்காலி போடச் சொல்றேன். உங்க சம்சாரத்துக்கு மேயோவோட படம், கையெழுத்தோட."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்றார் லெப்டினன்ட்.

போனை வைத்ததும் நேராகத் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். சாவிகள் உடைந்துவிடும் போல அடித்தாள்.

"என்ன எழுதுற?" என்றான் மைலோ.

"சோப்பு விளம்பரம்."

"வயசாக ஆக ஆளு மாறிடுவாங்கன்னு எங்கம்மா சொல்லும். மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவுல மாறுவாங்கன்னு சொல்லலையே." அவள் தோளுக்கு மேல் எட்டிப் படித்தான். படித்ததும் கடலைப் பொட்டலம் கீழே விழுந்தது. "ஹெஸ்டர், இதுக்கு அப்புறம் உனக்கு இந்த ஊர்ல எந்த ரேடியோவிலும் வேலை கிடைக்காது."

"கிடைக்க வேண்டாம். சத்தம் நின்னு போச்சுன்னா உடனே ஆர்கன் வாசிக்கணும், அதானே உன் வேலை?"

"ரேடியோவுல அதுதான் முதல் சட்டம். ஒரு நொடி மௌனம் வந்தாலும் என் தலை உருளும்."

"இன்னிக்கு வாசிக்காதே."

மைலோ அவளைப் பார்த்தான். கீழே விழுந்த கடலையைக்கூட எடுக்காமல் சரியென்று தலையை ஆட்டினான். அவனை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

மேயோவுக்கு ஒரு பெருமை உண்டு. விளம்பரத் தாளை அவன் முன்கூட்டிப் படிக்கவே மாட்டான். கடைசி நொடியில் கையில் கொடுத்தால் போதும், ஒத்திகையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போவான். நகரத்திலேயே என்னைப் போல் இன்னொருவன் இல்லை என்று மார் தட்டுவான். அது உண்மைதான். தாளில் இருப்பது வாய்க்குப் போகும். இடையில் மூளைக்கு வேலையே இல்லை.

சாயங்காலம் ஒலிபரப்பு தொடங்கிச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஐராவின் இடத்தில் ஹெஸ்டரே நின்றாள். நாடகத்தின் நடுவில் இடித் தகட்டை அவள் ஆட்டிய ஆட்டில் கதாநாயகி நிஜமாகவே பயந்து போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லூமிஸ் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் அருகில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு லெப்டினன்ட், கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

நாடகம் முடிந்தது. மைலோ ஒரு சுருதியை நீட்டி முழக்கி நிறுத்தினான். மேயோ மைக்குக்கு முன்னால் வந்தான். ஹெஸ்டர் அவன் நீட்டிய கையில், லூமிஸின் தாளுக்குப் பதிலாகத் தன் தாளை வைத்தாள்.

"இல்லத்தரசிகளே!" என்றது அந்தக் குரல். "வெண்மை என்றால் மூன்ட்யூ. மென்மை என்றால் மூன்ட்யூ. ஆம், மூன்ட்யூவேதான்." லூமிஸ் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். "உங்கள் அன்பன் ரோலண்ட் மேயோ இன்று உங்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லப் போகிறேன். ஐரா பெண்டிலை நான் பார்க்கவில்லை. ஐரா பெண்டிலின் பெயரைச் சொல்லி யாரும் அலறியதை நான் கேட்கவில்லை. ஐரா பெண்டில் சுட்டதாக நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு எழுதித் தரப்பட்டது. எழுதித் தந்தவர்..."

தாள் அங்கே முடிந்தது.

மேயோ தாளைத் திருப்பினான். பின்பக்கம் வெள்ளை. அப்போதுதான் வாய் சொன்னது மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கியது.

மௌனம். நகரத்தின் எல்லா அடுப்படிகளிலும், முடி திருத்தும் கடைகளிலும், டாக்ஸிகளிலும் மௌனம். நிலையத்து ஆட்கள் ஆர்கனைப் பார்த்துக் கையை வீசினார்கள். மைலோ இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லூமிஸ் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தான். சுருட்டு எங்கோ விழுந்திருந்தது. கண்ணாடியைக் குத்தினான். இந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை. லெப்டினன்ட் மட்டும் மெதுவாகத் தலையைத் திருப்பி அவனைப் பார்ப்பது தெரிந்தது.

மேயோ ஹெஸ்டரைப் பார்த்தான். 'எழுதிக் கொடு' என்று கெஞ்சுகிற கண்கள். ஹெஸ்டர் அசையவில்லை. உன் பொய்யால் ஒருத்தன் சாகப் போறான், பேசுடா என்று உள்ளுக்குள் கத்தினாள்.

"அ... அவர்..." என்றான் மேயோ. அந்தக் குரலைக் காணோம். மூக்கடைத்த ஒரு பையனின் குரல்தான் வந்தது. "லூ... லூ... லூமிஸ். அவர்தான்... ஐ... ஐரா நிஜமாவே பண்ணிட்டான், சாட்சி மட்டும்தான் இல்லைன்னு சொ... சொன்னார். நியூயார்க்ல பெரிய நிகழ்ச்சி வாங்கித் தரேன்னார். நா... நான் எதையும் பார்க்கலை. சத்தியமா எ... எதையும் பார்க்கலை."

சிவப்பு விளக்கு அணைந்தது. கண்ணாடி அறையில் லெப்டினன்டின் கை லூமிஸின் தோள் மேல் இருந்தது. கடுகுச் சாந்துக் கை.

லூமிஸுக்கு விலங்கு போட்டுக் கீழே அனுப்பிவிட்டு லெப்டினன்ட் ஸ்டூடியோவுக்குள் வந்தார். முகமெல்லாம் பெருமை.

"மேயோ அப்போ இன்னும் யார் பேரையும் சொல்லலை. அதுக்குள்ள அந்த லூமிஸ் எழுந்து நின்னு, 'நிறுத்துங்க, என் பேரைச் சொல்லப் போறான்'னு என் காதுலயே கத்துறான்! அப்பவே புடிச்சுட்டேன். அப்புறம் மேயோ திக்கித் திக்கிச் சொன்னான் பாரு, அதைக் கேட்டதும் சந்தேகமே போச்சு. எழுதி வெச்சுப் படிக்கிறவன் அப்படித் திக்க மாட்டாம்மா. மனசுல இருந்து வர்ற உண்மைதான் அப்படி வரும்."

ஹெஸ்டர் அவரையே பார்த்தாள்.

"ஐராவும் ரெண்டு நாளா அப்படித்தானே சார் சொன்னான்?"

லெப்டினன்ட் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவர் வாக்கியத்தை முடித்து வைக்க அங்கே யாரும் முன்வரவில்லை. தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இப்பவே போய் விடச் சொல்றேன்," என்றார் தரையைப் பார்த்தபடி.

"நான் வந்து கூட்டிட்டு வரேன். அவன் உங்ககிட்ட ஏதாவது சொல்ல ஆசைப்படலாம். எவ்வளவு நேரம் ஆனாலும் நின்னு கேட்கிறீங்க. குறுக்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

லெப்டினன்ட் போனார். அவருக்குப் பின்னால் கதவு புஸ்ஸென்று சாத்திக்கொண்டது. ஹெஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றாள். வேலை போய்விட்டது, ஆள் பிழைத்துவிட்டான், கோபம் மட்டும் எங்கேயும் போகாமல் நெஞ்சிலேயே நின்றது. சுற்றிப் பார்த்தாள். ஸ்டூடியோ மூலையில் மரச்சட்டத்தோடு ஐராவின் கதவு நின்றது.

நேராகப் போனாள். திறந்தாள். அது கிரீச்சென்று ஊரைக் கூட்டியது. பிடியைப் பற்றி, லெப்டினன்ட், லூமிஸ், மேயோ, அந்தச் சோப்பு, எல்லாருக்கும் சேர்த்து ஒரே அறையாக அறைந்து சாத்தினாள். குதிரைக் குளம்புச் சத்தத்துக்காக மேஜை மேல் வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டைகள் உருண்டு கீழே விழுந்தன.

மைலோ ஆர்கனுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"கையை எடுத்து இப்ப வாசிக்கலாமா, தாயே?"

"வாசி," என்றாள் ஹெஸ்டர். கோட்டை எடுத்துக்கொண்டு ஐராவை அழைத்து வரக் கிளம்பினாள்.